புது ட்ரிகரும் ஒரு கிலோ பேரீச்சம்பழமும்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஷார்ஜாவை ஒட்டிய அல் குசைஸில் என் ரூமுக்கு ஜெயசீலன் கொண்டுவந்து போட்டது. அவன் கதை சொல்ல வரவில்லை, உதவி கேட்டு வந்தான். நான்தான் கதையாகக் கேட்டேன். அந்தக் குற்றத்தை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டால் பிற்பாடு வேகமாகப் போகலாம்.

பகலில் நான் ஸ்டோர்கீப்பர். மற்ற நேரத்தில் முப்பது வருடமாக வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை. இதுவரை நூற்றுப் பதினேழு பேரைச் சுட்டுக் கொன்றிருக்கிறேன்.*

(* எண்ணியது நானில்லை. பரமக்குடி வாசகி ஒருவர். ஒரு ரைஃபிளையும் தொட்டதில்லை என்று அவருக்கு நான் இன்னும் எழுதவில்லை.)

2

முதல் தொடக்கம்:

"டுமீல்! மலைச்சரிவில் பறவைகள் சிதறின. பனியில் விழுந்தவனின்—"

அடித்துவிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்பதுதான் விஷயமே.

இரண்டாவது:

"ஷார்ஜா தொழில்பேட்டை. முன்னாள் கமாண்டோ ஜெய், சலனமில்லாத கண்களோடு—"

இதையும் அடித்துவிட்டேன். ஜெயசீலன் கமாண்டோ இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம். துப்பாக்கி ரிப்பேர் கடையில் ஹெல்பர். துடைக்கலாம், எண்ணெய் போடலாம். உள்ளே கை வைக்க லைசென்ஸ் உள்ளவர் கடையின் தலைமை மெக்கானிக், உஸ்தாத் சாதிக் பாட்ஷா மட்டும். அவர் மகள் கல்யாணத்துக்குக் கீழக்கரை போயிருந்தார்.

3

(ஜோடனை இல்லாமல், நடந்தது மட்டும்.)

புதன்கிழமை அபு சயீத் என்ற வாடிக்கையாளர் ரைஃபிளோடு வந்தார். வெள்ளி மாலை ஐந்தரைக்கு விமானம். கஜகஸ்தான் மலையில் வேட்டை. கம்பெனி போட்டுக்கொடுத்த ட்ரிகர் கல் மாதிரி இருக்கிறது, இழுத்து முடிப்பதற்குள் குறி நகர்ந்துவிடுகிறது என்றார். தருவித்து வைத்திருந்த புது ட்ரிகரை மேஜைமேல் வைத்தார். உஸ்தாத் இல்லையே என்றதற்கு, நாலு வருடமாக அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறவன்தானே நீ என்றார். ஜெயசீலனுக்கு அது போதுமாக இருந்தது.

மாற்றினான். எவ்வளவு கனத்தில் இழுத்தால் சுட வேண்டும் என்பதைத் திருகாணியில் கூட்டலாம், குறைக்கலாம். அதை அளக்கும் கருவி உஸ்தாத்தின் அலமாரியில், பூட்டுக்குள். ஜெயசீலன் ரூமுக்கு ஓடி, ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசை எடுத்துவந்தான்.* கொக்கியை ட்ரிகரில் மாட்டி இழுத்தான். ஒன்றரை கிலோ என்றது. நியாயமான கனம். அபு சயீத் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

(* இதை நான் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.)

வெள்ளி காலை அவன் ரூம்காரன் மாயாண்டி லீவுக்குப் பெட்டி கட்டினான். பிரிக்காத ஒரு கிலோ பேரீச்சம்பழத்தை அதே கொக்கியில் தொங்கவிட்டான். இரண்டு கிலோ காட்டியது. ஐம்பது கிலோ பெட்டிக்காகச் செய்த தராசு, சின்னக் கனத்தில் ஒரு கிலோ சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால் அந்த ஒன்றரை, வெறும் அரை. குளிருக்குக் கையுறை போட்ட விரல் உரசினாலே வெடிக்கும்.

"ரப்பர் சுத்தியல வச்சு நாலு பக்கமும் தட்டணும் சார். அதுக்கும் ட்ரிகர் தானா விழலன்னாதான் ஆளு கைல குடுக்கணும். நான் ஒரு பக்கம்தான் தட்டுனேன். அதுக்குள்ள அவரு யல்லா யல்லா, சீக்கிரம்னுட்டாரு."

"வேட்டையில அவருக்கு முன்னால யாரு நடப்பா?"

"வழி காட்டுற ஆளு. அந்த ஊர்க்காரன்."

நூற்றுப் பதினெட்டு என்று மனசு எண்ணியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

4

அவன் கேட்டது இதுதான்: "அவரு சுடவும் கூடாது, என் வேலையும் போகக் கூடாது. அப்படி ஒரு மெசேஜ் எழுதிக் குடுங்க. நீங்க எழுத்தாளருல்ல?"

உடனே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டேன். அபு சயீத்தின் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். பாவம், அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மூன்றே கால் ஆகிவிட்டது. பிறகுதான் பேனா எடுத்தேன்.

ஒன்று: "இந்த ட்ரிகரைத் தயாரித்த நிறுவனம் அதைத் திரும்பப் பெறுகிறது." ஒரு போனில் பொய் தெரிந்துவிடும்.

இரண்டு: "உங்கள் நலம் விரும்பி எழுதுவது—" ஜெயசீலன் படித்துவிட்டு, ஆளைக் கடத்தி வைத்திருக்கிறவன் எழுதின மாதிரி இருக்கிறதே என்றான்.

மூன்று: "உஸ்தாத் திரும்பும்வரை ரைஃபிளைப் பயன்படுத்தாதிருப்பது உத்தரவாதத்துக்கு நல்லது." பதவிசான வாக்கியம். வேட்டைக்குக் கிளம்பியவர் உத்தரவாதத்துக்காகவா சும்மா இருப்பார்?

நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றும் ஜெயசீலனைக் காப்பாற்றியது. முன்னால் நடக்கிற அந்த ஆளை ஒன்றுகூடக் காப்பாற்றவில்லை.

ஐந்து மணி. "என் போனைக் குடுங்க சார்" என்று வாங்கி, கடையில் அரபிகளோடு பேசுகிற அதே கலவையில் அவனே அடித்தான்:

"அர்பாப், ட்ரிகர் முஷ்கில். மேரா கல்தி. கோலி மாஃபி. ஜெயசீலன்."

முதலாளி, ட்ரிகர் சரியில்லை, என் தப்பு, தோட்டா போடாதே. அவ்வளவுதான்.

"அந்த 'என் தப்பு' வேண்டாமே" என்றேன்.

"அது இல்லன்னா நம்ப மாட்டாரு சார்."

அனுப்பினான். மணி ஐந்து ஐந்து. ஒரு டிக் மட்டும் விழுந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. கூப்பிட்டான், போன் அணைந்திருந்தது. சாதிக் பாட்ஷாவிடமும் சொன்னான். அவர் திட்டவில்லையாம். கல்யாண வீட்டிலிருந்தே வேட்டை முகாமின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

5

இன்று ஞாயிறு. விமானம் எப்போதோ இறங்கியாயிற்று. டிக் இன்னும் ஒன்றுதான்.

முடிவு அ: மலையேறும் முன் அபு சயீத் போனைத் திறக்கிறார். படித்துவிட்டு ரைஃபிளை உறையில் போட்டு—

முடிவு ஆ: திறக்கவில்லை. முன்னால் போகிறவன் ஒரு கல்லைத் தாண்டுகிறான். பின்னால் வருகிறவருக்குக் கால் வழுக்கி—

வேண்டாம். இதற்கு மேல் என்னால் முடியாது. இந்த இரண்டையும்விட என்னைப் படுத்துவது வேறொன்று: எதுவுமே நடக்காத முடிவு. மெசேஜ் போய்ச் சேராமலே, ரைஃபிள் மானைச் சுட்டுவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்து, பிறகு அபு சயீத் அதைப் படிக்கிற முடிவு. அப்போது ஜெயசீலன் யாரையும் காப்பாற்றவில்லை; விசாவை மட்டும் தொலைத்திருப்பான். மெசேஜ் அவர் போனுக்கே போகாமல் செய்யும் 'எல்லோருக்கும் அழி' என்ற வசதிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும்.

டூட்டிக்குப் போகவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து மெசேஜைத் திறக்கிறான், கட்டைவிரலை அதன்மேல் வைக்கிறான், எடுக்கிறான். அழிக்கப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நீங்கள் கேளுங்கள். அவன் சொல்வதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.