துண்டுக்குள் மூன்று விரல்

வாயைத் திறக்காமல் இருப்பதற்கு விலை, ஜோடி மாட்டுக்கு ஐந்து ரூபாய். சித்தையனின் அப்பா கோபிநத்தம் பக்கத்துச் சந்தைகளில் தரகு பார்த்த காலத்து விலை அது. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் மாறி மாறித் தரகர் கையோடு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். உள்ளே என்ன நடந்தது என்று தரகருக்குத் தெரியும், சந்தைக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் காசு.

மகன் போனது நேர் எதிர்த் தொழிலுக்கு. வாயைத் திறந்தால்தான் சோறு. வார நாட்களில் மைசூர் மண்டி மொஹல்லாவில் பூண்டு ஏலம் கூவுவார். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு மைக் பிடிப்பார். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. ரேடியோவில் பேச வேண்டும் என்ற ஒரே ஒரு ஆசை மட்டும் விலை போகாத சரக்காக மனசில் கிடந்தது.

‘ஊர்க்குரல்’ என்கிற சின்ன ரேடியோ நிலையத்தை நடத்திய மனிஷா ஒருநாள் கூப்பிட்டாள். “பொண்ணுங்க மாநில ஃபைனல் சார். தமிழ்ல லைவ். நல்லா பண்ணிட்டீங்கன்னா சனிக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரம் உங்களுக்கே. ஆனா கிரிக்கெட் இல்ல, பேஸ்பால். தெரியுமா?”

“பூண்டு வெளையறத நான் கண்ணால பாத்ததில்லம்மா. இருபது வருஷமா கூவறேன்.”

ஆனால் பூண்டு ஓடாது. பேஸ்பாலில் எல்லோரும் ஓடினார்கள். மைசூரும் கோலாரும் மோதிய ஏழு சுற்று ஆட்டத்தில் ஐந்து சுற்று முடிவதற்குள் சித்தையன் மூன்று தடவை ‘ஓவர்’ என்றும், ஒரு தடவை ‘எல்பிடபிள்யூ’ என்றும் சொல்லிவிட்டார். மனிஷா நெற்றியில் கை வைத்தாள். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மகேஸ்வரி ஒரு செய்தி அனுப்பினாள்: ‘யாரோ ஓடறாங்கன்னு சொல்றீங்க. எங்க ஓடறாங்க, எதுக்கு ஓடறாங்க, அதையும் சொல்லுங்க.’

ஆறாம் சுற்று தொடங்கும்போது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ரன். சனிக்கிழமை கைநழுவிப் போகிறது என்று சித்தையனுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவர் மைசூர் அணியின் கேட்சரைப் பார்த்தார். பெயர் தமிழ்ப்ரியா, கோபிநத்தம் பக்கத்து மார்டள்ளிப் பெண். மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தி, தொடை மறைவில் விரலை நீட்டி, பந்து வீசுகிறவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட, துண்டு!

மேசை இருந்த பக்கத்திலிருந்து விரல் தெரிந்தது. நாலு பந்துக்குள் கணக்கைப் பிடித்துவிட்டார். ஒரு விரல் என்றால் வேகம், இரண்டென்றால் வளைவு, மூன்றென்றால் மெதுவு.

“இப்ப பாருங்க, வளைஞ்சு வரப்போகுது!” வளைந்தே வந்தது. “அடுத்தது நேரா, வேகமா!” அப்படியே வந்தது. நேயர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. மனிஷா கட்டைவிரலை உயர்த்தினாள். சித்தையன் ஏலக் குரலை எடுத்தார். கோலார் மூன்று ரன் எடுத்தது.

சுற்று பாதி முடிந்ததும் தமிழ்ப்ரியா முகமூடியைக் கழற்றிக்கொண்டு நேராக வர்ணனை மேசைக்கு வந்தாள்.

“ஏனுங்க மாமா, நீங்க எந்த ஊரு?”

“கோபிநத்தம், கண்ணு.”

“அப்புறம் கோலாருக்கு எதுக்குங்க வேலை பாக்கறீங்க? அவங்க பெஞ்சுல போன்ல உங்க ரேடியோதான் ஓடுது. நீங்க வளைவுங்கறீங்க, அவ வளைவுக்கு நிக்கறா!”

சித்தையனுக்கு அப்போதுதான் உறைத்தது. பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். துண்டை விலக்கி விலையைச் சந்தைக்கே காட்டிவிட்டார். கணக்கை நேர்செய்ய ஒரே வழிதான் தெரிந்தது. மைசூர் மட்டை பிடித்ததும் கோலார் கேட்சரின் விரலைப் படித்துக் கூவ ஆரம்பித்தார். இப்போது மைசூர் பெஞ்சிலும் ஒரு போன் பேசியது. ஒரு ரன் வந்தது, இரண்டாவதும் வந்தது.

அதற்குள் கோலார் பயிற்சியாளர் மல்லப்பன், கழுத்துத் துண்டு பறக்க, நடுவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். “ஏன்ரீ ஸ்வாமி, இது ரேடியோவா, போலீஸ் உளவா?”

“மூணு உங்களுக்குக் குடுத்துட்டேன். ரெண்டுதான் திரும்பி வந்திருக்கு. இன்னொண்ணு வந்துரட்டும், நிறுத்திக்கறேன்.”

மல்லப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துண்டை உருவி இருவர் கைமேலும் போட்டார். அவரும் சந்தை கண்டவர்தான் போல. சித்தையன் உள்ளே ஒரு விரலை நீட்டினார். மல்லப்பன் அந்த விரலை மடக்கி, கையை மூடி, ஒரு அழுத்து அழுத்தினார். பேரம் முடிந்தது, இரண்டோடு சரி. நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டம் நடந்தால் சரி என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு சித்தையன் பந்து வந்த பிறகே சொன்னார். வேடிக்கை என்னவென்றால், வரப்போவது முன்னாலேயே தெரிந்ததால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. எங்கே ஓடுகிறார்கள், எதற்கு ஓடுகிறார்கள், எல்லாம் வந்தது.

ஏழாம் சுற்றின் கடைசி. கோலார் ஐந்து, மைசூர் நான்கு. சமன் செய்யும் ரன் மூன்றாம் முனையில் நிற்கிறது. இன்னொருத்தி அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு நின்றவள் தமிழ்ப்ரியா. இன்னும் ஒரே பந்தைத் தவறவிட்டால் அவள் அவுட். கோலார் கேட்சர் விரலை மாற்றியிருந்தாள்; அந்தக் கணக்கும் சித்தையனுக்குப் பிடிபட்டுவிட்டது. வரப்போவது மெதுவு. தமிழ்ப்ரியா ஒரு கணம் மேசைப் பக்கம் திரும்பினாள். மைசூர் பெஞ்சு போனில் காதை வைத்திருந்தது.

சித்தையன் வாயை மூடிக்கொண்டார். ஐந்து விநாடி. ரேடியோவில் அது ஐந்து வருஷம்.

பந்து ஆடி அசைந்து வந்தது. மட்டை அதற்கு முன்பே சுற்றி முடித்திருந்தது.

“ஏமாந்துட்டா நம்ம பொண்ணு,” என்றார் மைக்கில், மெதுவாக. “மெதுவா வந்து ஏமாத்திடுச்சு பந்து. கோலார் ஜெயிச்சாச்சு.”

மனிஷா ஹெட்போனைக் கழற்றினாள். “அஞ்சு செகண்ட் சும்மா இருந்தீங்க சார். ஸ்டேஷன் செத்துப்போச்சோன்னு நெனச்சேன்.” போனை அவர் பக்கம் திருப்பினாள். “பூண்டு மண்டியிலேருந்து. அந்த அஞ்சு செகண்ட் தராசு நின்னுபோச்சாம். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துருங்க.”

தமிழ்ப்ரியா கையுறையைத் தட்டிக்கொண்டே வந்தாள். “தெரிஞ்சுதானே மாமா சும்மா இருந்தீங்க?”

“துண்டுக்குள்ள கை குடுத்துட்டேன் கண்ணு.”

அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “சரி போங்க. எங்கூட்டுக் கணக்குல எழுதிக்கறேன்.”

கோலாருக்குக் கொடுத்தது மூன்று. மைசூருக்குத் திரும்பி வந்தது இரண்டு. தமிழ்ப்ரியாவுக்குப் பாக்கி, ஒன்று.