கல்லுண்டாய் வெளியில் மோட்டார்ச் சவாரி

என் தம்பி இராசநாயகம் மோட்டார் ஓட்டப் போட்டியில் ஓடப்போகிறான் என்று நான் சொன்னபோது மானிப்பாயில் ஒருவரும் நம்பவில்லை. "விசர்க் கதை கதையாதை, மீனாம்பி" என்றான் பக்கத்து வளவு முருகேசு. போட்டியன்று பின்னேரம் குடையும் கையுமாக நான் கல்லுண்டாய் வெளிக்குப் போய்ச் சேர்ந்தால், முருகேசு எனக்கு முன்னமே வந்து நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஊரே நிற்கிறது. வாயால் நம்பாவிட்டாலும் காலால் நம்புகிற சனம் எங்கள் சனம்.

அது முப்பத்தாறாம் ஆண்டு, ஆடி மாதம். அந்தப் பெரிய வெட்டவெளி நன்றாகக் காய்ந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. சோளகக் காற்று தூசியை அள்ளி அள்ளி முகத்தில் எறிந்தது. கொழும்பிலிருந்து வந்த மோட்டார்க் கழகத் துரைமார் கொடிகளை நட்டு, பெரிய வட்டமாக ஒரு பாதை வகுத்திருந்தார்கள். ஓட வந்தவை ஐந்து மோட்டார்கள். நான்கு கொழும்புக்காரருடையவை. ஐந்தாவது, யாழ்ப்பாணப் பட்டினத்தில் மோட்டார் திருத்துகிற யாக்கூப்பின் பழைய பச்சைக் கார். அதை ஓட்டுகிறவன் என் தம்பி. என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் நான் குடை பிடித்துக்கொண்டு போனது காரைப் பார்க்க மட்டும் இல்லை. பக்கத்தில் அண்ணையை இழுத்துக்கொண்டு போயிருந்தேன். அதுதான் பெரிய காரியம்.

அண்ணை அருளம்பலம் என்றால் வலிகாமம் பகுதி முழுக்கத் தெரியும். சவாரி என்கிற மாட்டுவண்டிப் பந்தயத்தில் அவருடைய மாட்டுச் சோடி ஓடுகிறது என்றால் சனம் சமைத்த சோற்றை விட்டுவிட்டு வரும். சவாரி வண்டியில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கயிறு பிடிப்பார், மற்றவர் சத்தம் போட்டு மாட்டை முடுக்குவார். கயிறு அண்ணை, சத்தம் தம்பி. அப்படித்தான் பத்து வருசம் ஓடினார்கள். பிறகு தம்பிக்கு மோட்டார்ப் பைத்தியம் பிடித்தது. ஒருநாள் சவாரி முடிந்து வந்து, "அண்ணை, இனி நான் வண்டியிலை ஏறேல்லை. யாக்கூப்பிட்டைப் போறன்" என்றான். அண்ணை கையிலிருந்த, மாடு விரட்டுகிற துவரந்தடியை முற்றத்தில் போட்டுவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். இரண்டு வருசம் ஒரு சொல் இல்லை.

ஒரே வளவு, இரண்டு வீடு, ஒரு கிணறு. ஒருவர் துலாவை விட்டால்தான் மற்றவர் கிணற்றடிக்கு வருவார். இடையில் அகப்பட்டவள் நான். "உவனுக்குச் சொல்லு, வேலி அடைக்க வேணும் எண்டு." "அண்ணைக்குச் சொல்லுங்கோ அக்கா, ஓலை வந்திட்டுது எண்டு." ஆறடி தூரத்தில் நிற்கிற மனிசனுக்கு நான் போய்ச் சொல்ல வேண்டும்! நான் என்ன தபால்காரியா? எத்தனை தரம் கத்தியிருப்பேன். செத்தால் ஒருத்தனுக்கு ஒருத்தன் கொள்ளி வைப்பானோ என்று இரவில் அழுதும் இருக்கிறேன். இன்றைக்கு எப்படியாவது இந்த இரண்டு பேரையும் கதைக்கவைக்க வேண்டும் என்றுதான் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"உந்தத் தகரப் பெட்டியைப் பாக்க நான் வரமாட்டன்" என்றார் முதலில்.

"வராதேங்கோ. வாற பொங்கலுக்கு என்ரை வீட்டுப் பக்கமும் வராதேங்கோ" என்றேன்.

வந்தார். துவரந்தடியையும் எடுத்துக்கொண்டு வந்தார். சவாரிக்குப் போகிற மனிசன் தடி இல்லாமல் வெளியில் இறங்கமாட்டார், கைப்பழக்கம்.

சவாரி பார்க்க எங்கள் பெண்கள் போவதில்லை. மோட்டாருக்கு அப்படி ஒரு வழக்கத்தை இன்னும் ஒருவரும் போடவில்லை. போடுவதற்கு முன்னம் நான் போய்விட்டேன். கயிற்றோரம் நின்று, தம்பி எனக்குச் சொல்லித் தந்ததை அண்ணைக்குச் சொன்னேன்.

"உது சவாரி மாதிரி நேராய் ஓடி முடியிறதில்லையாம் அண்ணை. செக்கு மாடு மாதிரிச் சுத்திச் சுத்தி வருமாம். ஆறு சுற்றாம்."

"செக்கு மாடோ?" அண்ணை துப்பினார். "நல்லாய்த்தான் என்ரை பொடியனை ஆக்கிப்போட்டாங்கள்." சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். 'என்ரை பொடியன்' என்ற சொல் மட்டும் என் காதில் தங்கிவிட்டது.

துவக்குச் சத்தம் கேட்டது. ஐந்து மோட்டார்களும் உறுமிக்கொண்டு பாய்ந்தன. தூசிக்குள் பச்சை முன்னுக்குத் தெரிந்தது. ஐயோ, எங்கடை பச்சை! நான் குடையை விட்டுவிட்டேன், அது காற்றில் உருண்டு போனது. போகட்டும்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். சவாரியில் சோடி ஓடிப் போனால் சனம் சும்மா நிற்காது. கயிற்றைத் தாண்டிப் பாதைக்குள் இறங்கி, தகரத்தை அடித்துக் கூச்சல் போட்டுக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் ஓடும். போன மாடு திரும்பி வரப்போவதில்லை, ஆகையால் அதில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கும் மோட்டார்கள் போன உடனே அத்தனை சனமும் திபுதிபுவென்று பாதைக்குள் இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்கி, நடுப்பாதையில் நின்று, "பச்சைதான் வெண்டது!" என்று கதையும் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் வெற்றிலை மடித்தான்.

எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் ஆர் என்று நினைக்கிறீர்கள்? அண்ணை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அதே அண்ணை, தடியை உயர்த்திக்கொண்டு பச்சைக்குப் பின்னால் ஓடினார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

துரைமார் பதறிப்போனார்கள். ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டினார். இன்னொருவர் ஊதுகுழல் மாதிரி ஒன்றை வாயில் வைத்து இங்கிலீசில் கத்தினார். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். வெற்றி அறிவிக்கிறாராம்! வெளியின் அந்தப் பக்கத்தில் தூசி வளைந்து எங்கள் பக்கம் திரும்புவதை நான் கண்டேன். முன்னுக்கு வருகிறவன் என் தம்பி. பாதையின் நடுவில் ஊர் முழுக்க நிற்கிறது, அதன் நடுவில் என் அண்ணை.

"அண்ணை! திரும்பி வாறாங்கள்! சுத்தி வாறாங்கள் அண்ணை!"

"ஓடினது ஓடினதுதானே, என்னடி திரும்பி வாறது?" என்று திரும்பியவர் அந்த இரைச்சலைக் கேட்டார். கண்டார். முகம் மாறிவிட்டது.

"விலத்துங்கோ! விலத்துங்கோ!" என்று கத்தினார். ஆர் கேட்டார்கள்? சிரித்தார்கள். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு தடியைச் சுழற்றிக்கொண்டு, வலிகாமத்து வெளியெல்லாம் கேட்டுப் பழகிய அந்தக் குரலில் ஒரு சத்தம் போட்டார்:

"மாடு வெருண்டிட்டுது! மாடு வெருண்டிட்டுதடா!"

எங்கள் சனத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வெருண்ட சவாரி மாட்டுக்கு முன்னால் நின்றவனின் கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. சிவப்புக் கொடிக்கு அசையாத அத்தனை பேரும் கண் மூடித் திறக்கும் முன்னம் இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். வெற்றிலைப் பெட்டி பறந்தது. முருகேசு சால்வையை விட்டுவிட்டுக் கயிற்றுக்குக் கீழே உருண்டான். எழும்பி நின்று, "எங்கை மாடு? எங்கை மாடு?" என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார்கள் அவனுடைய மூக்குக்கு முன்னால் கடந்து போயின.

ஆனால் முன்னுக்குப் போனது பச்சை இல்லை. கொழும்புக்காரனின் சிவப்பு மோட்டார். தம்பி இரண்டாவது. திருப்பத்தில் அவன் வேகத்தைப் பாதியாகக் குறைத்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

அதற்குப் பிறகு துரைமாரில் ஒருவர் ஓடிவந்து அண்ணையின் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்தார். அண்ணை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடியைக் காட்டினார். மிச்சச் சுற்றெல்லாம் கயிற்றோரமாக அவர்தான் நடந்தார். "ஒருத்தரும் தாண்டப்படாது! சொல்லிப்போட்டன்!" ஒரு குஞ்சு குருமானும் அசையவில்லை. துரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பாரும் துரை, நல்லாய்ப் பாரும், அது என்ரை அண்ணை என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன்தான். அவருக்கு விளங்கியிருக்காது.

கடைசிச் சுற்றில் பச்சை சிவப்பை எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது. அப்போது அண்ணை காவலை மறந்துவிட்டார். கயிற்றோரம் ஓடினார். பத்து வருசம் வண்டியில் நின்று தம்பி போட்ட சத்தம் எல்லாவற்றையும் இப்போது அவர் போட்டார். "விடாதை! விடாதையடா! ஓடடா என்ரை இராசா!" அவருடைய சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது, நான் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சிவப்பு ஒரு வண்டி நீளத்தால் வென்றது.

பச்சை வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி சீறியது. தம்பி முகம் முழுக்கத் தூசியோடு இறங்கினான். யாக்கூப் அவனைக் கட்டிப்பிடித்து, "ஏன்டா அந்தத் திருப்பத்திலை பிறேக் பிடிச்சனீ? விட்டிருந்தால் வெண்டிருப்பாய்" என்றான்.

"எங்கடை சனம் உள்ளுக்கை இறங்கி நிக்கும் எண்டு தெரியும் தானே" என்றான் தம்பி. "தூசியிலை ஒண்டும் தெரியேல்லை. எண்டாலும் தெரியும்."

"எண்டாலும் ரெண்டாவது தானே" என்றான் முருகேசு. சால்வையும் இல்லாமல் மண்ணில் உருண்டு எழும்பியவனுக்கு அந்த வாய் மட்டும் இருந்தது.

அண்ணை அவன் பக்கம் திரும்பினார். "பொத்தடா வாயை. மாட்டை ஓடவிட ஆருக்கும் தெரியும். பிடிக்கத் தெரிஞ்சவன்தான் சவாரிக்காரன். இண்டைக்கு அவன் பிடிச்சிராட்டில் உன்ரை ரெண்டாவதைச் சொல்ல நீ இருந்திருக்கமாட்டாய்." ஆனால் முருகேசுவைப் பார்த்துத்தான் சொன்னார். தம்பியைப் பார்க்கவில்லை. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடவுளே, இவ்வளவு தூரம் வந்தும் இன்னும் நான்தானோ இடையில் நின்று சொல்ல வேண்டும்?

முருகேசு அவமானத்தை மறைக்க ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஆவி பறக்குது, ஊத்துவம்" என்று வாளியை உயர்த்தினான்.

"ஓடின மாட்டுக்கு உடனை தண்ணி காட்டாதை!"

இரண்டு குரல். ஒரே நேரத்தில், ஒரே சொல்லில். அண்ணையின் கையும் தம்பியின் கையும் அந்த வாளியின் பிடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. முருகேசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அண்ணை கையை எடுக்கவில்லை. "மறக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"உங்களிட்டைப் படிச்சதெல்லே, அண்ணை" என்றான் தம்பி.

நான் வெளி நடுவில் நின்று ஓவென்று அழுதேன். ஆர் பார்த்தால் எனக்கென்ன!

சவாரியில் வென்ற மாட்டின் கழுத்தில் சால்வை கட்டுவது வழக்கம். அண்ணை என் கையிலிருந்த தன்னுடைய சால்வையை வாங்கி, கார் ஆறும்வரை பொறுத்திருந்து, அதன் முன்பக்க விளக்குகளுக்கு இடையில் கட்டினார். கட்டிவிட்டுச் சனத்தைப் பார்த்து, "என்ரை தம்பி" என்றார்.

"ஏறுங்கோ அண்ணை" என்றான் தம்பி.

அண்ணை தடியோடு ஏறி, பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து இருந்தார். இப்போது கயிறு தம்பி, சத்தம் அண்ணை. "விடடா!" என்றார். யாக்கூப் பின்னால் தொத்திக்கொண்டான். பச்சை, சால்வை படபடக்க, மானிப்பாய்ப் பக்கம் பறந்தது. இரண்டு தலையும் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பித் திரும்பிக் கதைத்துக்கொண்டு போனது தூரம் வரைக்கும் தெரிந்தது.

இரண்டு வருசமாக நான் இல்லாமல் ஒரு சொல் கதைக்காத இரண்டு பேரும், என்னை வெளியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

குடையும் இல்லாமல் தூசிக்குள் நடந்தேன். முருகேசு பின்னால் வந்து, "ஏன் மீனாம்பி, உன்னை ஏத்தேல்லையோ?" என்று பல்லைக் காட்டினான்.

"ஏத்தாட்டில் என்ன?" என்றேன். "போறதைப் பாரடா. அது எங்கடை சோடி!"