ஏலம் நின்ற நேரம்

1.

இது நான் இட்டுக்கட்டிய கதையில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கதைக்காரி பேச்சு விடிந்தால் போச்சு. காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுத்த ஹேமலதா டீச்சர், ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொரோனா காலத்தில் போனில் தான் கேட்ட ஓர் அமைதியைப் பற்றிச் சொன்னார். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: “பெருந்தொற்று உலகையே உலுக்கிய அந்த…” (அடித்துவிட்டேன். இது செய்தித்தாள்.)

அடுத்தது: “கடலோரம். அலைகள். ஒரு சிறுமி…” (இது காலண்டர் படம்.)

இப்படி வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தை மூடியதும் ஹேமலதா டீச்சர் உழவர்கரையில் தன் வீட்டிலிருந்து காலை வேளையில் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார். ஒரு பதிலும் இல்லை. பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்று நொந்துகொண்டார். பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது.

அன்றே பள்ளிக்கூடத்தின் நேரம் மாறியது. படகு கரைக்கு வந்தால்தான் முதல் மணி. வீடுகளுக்குள் சிக்னல் கிடைக்காது, கரையில் கிடைக்கும். பிள்ளைகள் புத்தகத்தோடு கரைக்கு வந்து நிற்பார்கள்; டீச்சர் ஒவ்வொருவரையாக அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். (எந்தச் சுற்றறிக்கையிலும் இது இல்லை. டீச்சரும் யாரிடமும் கேட்கவில்லை.)

3.

சிக்கல் சிந்துஜாவிடம் வந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வேளையில்தான் பள்ளியை மூடினார்கள். அவளுக்குக் குரலும் மெல்லியது. படகு வரும் நேரம்தான் மீன் ஏலமும் நடக்கும். ஏலம் விடுகிற செல்வாம்பாளின் குரல் கிழக்குக் கடற்கரைச் சாலை வரைக்கும் கேட்கும். சிந்துஜா படிக்கும்போதெல்லாம் டீச்சரின் காதில் விழுந்தது வஞ்சிரம் விலையும் சங்கரா விலையும்தான்.

ஒருநாள் சிந்துஜாவின் அம்மா சுமலதா போனை வாங்கிக்கொண்டாள்.

“அதுக்குப் படிப்பு வர்ல டீச்சர். இந்த வருசம் போவட்டும். எங்கூட கருவாடு காயவைக்க வரட்டும்.”

“நாளைக்கு ஒரு தடவ கேட்டுடுறேம்மா. அப்பறம் பேசிக்கலாம்.”

“நாளைக்கு மட்டுந்தான். அப்பவும் படிக்கலன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்.”

கருவாட்டு வேலைக்குப் போன பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வருவது அபூர்வம்.

4.

மறுநாள் அழைத்தார். அதே கூச்சல். சிந்துஜாவின் அப்பா ராஜ்கமல், “இதோ பாப்பாகிட்ட குடுக்குறேன் டீச்சர்” என்றார். அடுத்த நொடி ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதென்று டீச்சர் போனை வைத்துவிட்டார். அந்தக் கரையிலிருந்து அமைதி வரும் என்று யார் கண்டார்கள்?

போன் திரும்ப அடித்தது.

“கட் பண்ணாதீங்க டீச்சர். நாங்க லைன்லதான் இருக்கோம்.” ராஜ்கமல் தாழ்ந்த குரலில் பேசினார்.

“சத்தமே இல்லியே?”

“செல்வாம்பாள் அக்கா ஏலத்த நிறுத்திட்டாங்க. பொண்ணு படிச்சு முடிக்கட்டும்னாங்க.”

வெயில் ஏறுகிறது, கூடையில் மீன் கிடக்கிறது, ஐஸ் உருகுகிறது. நேரம் போகப் போக விலை விழும். மீன் விலை என்று வந்துவிட்டால் அண்ணன் தம்பிக்கே விட்டுக்கொடுக்காத கரை அது. அத்தனை பேரும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக முகக்கவசத்துக்குள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அலை மட்டும் கேட்டது. அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ காலை வழிபாடுகளில் பிள்ளைகளை அதட்டி அமைதியாக நிற்கவைத்தவர் அவர். அதட்டாமல் கிடைத்த இந்த அமைதியைப் போல ஒன்றைத் தான் கேட்டதேயில்லை என்றார். எழுதுகிறவள் உணர்ச்சிவசப்படக் கூடாதென்பார்கள். பட்டுவிட்டேன், என்ன செய்ய.

5.

(செல்வாம்பாள் உண்மையிலேயே அப்படிச் செய்திருப்பாரா? பிழைப்பைப் பார்க்கிறவர். ரொம்ப நல்லவராக்கினால் கதை திகட்டும். அதனால் ஒரு பிரதியில், தொண்டை கட்டிக்கொண்டதால் ஏலத்தை நிறுத்தினார் என்று மாற்றினேன். டீச்சரிடம் படித்துக் காட்டினேன். “அந்தத் தொண்டையா? அதெல்லாம் கட்டாதுங்க” என்றார். மாற்றியதை அடித்துவிட்டேன்.)

6.

சிந்துஜா படித்தாள். “கப்ப…லுக்கு… வழி… காட்டு…வது…”

அடுத்த சொல் கலங்கரை விளக்கம். அவள் வீட்டில் எல்லோரும் லைட் ஹவுஸ் என்றே சொல்வார்கள். இந்தச் சொல்லை அவள் கேட்டதேயில்லை. “க…” என்றாள். நின்றுவிட்டாள்.

முடிவு ஒன்று: கடகடவென்று படித்துவிடுகிறாள், கரையே கைதட்டுகிறது. (சினிமா.)

முடிவு இரண்டு: அழுகிறாள், சுமலதா அவள் கையைப் பிடித்துக் கருவாட்டுப் பக்கம்… (இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

என்ன நடந்ததென்று டீச்சர் என்னிடம் சொன்னார். நான் சொல்லப்போவதில்லை.

சொல் டீச்சரின் நாக்கு நுனியில் நிற்கிறது. எடுத்துக்கொடுத்தால் அது சிந்துஜா படித்ததாகாது. சுமலதா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். செல்வாம்பாள் இன்னும் வாய் திறக்கவில்லை. உங்களுக்கும் அந்தச் சொல் தெரியும். தயவுசெய்து எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள். “கலங்…” வரைக்கும் வந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருங்கள்.