பார்த்து மடித்த விரிப்பு

சபையில் அவருக்கு ‘ஜெபமடிப்பு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துவைத்து உலர்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவர் வேலை. மூன்று மாதத்துக்கு முன், ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லப் போதகர் கூப்பிட்டபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒவ்வொரு விரிப்பையும் மடிக்கிறப்போ, அதுல படுக்கப்போறவங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று அள்ளிவிட்டார்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை ஏழெட்டு விரிப்புக்கு ஜெபித்திருந்தார். ஒன்பதாவதுக்குள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு பழைய பாட்டுக்குப் போய்விட்டார் மனுஷன். ஆனால் சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொன்னது. மனைவிகூடக் கண் கலங்கினாள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

இந்த வாரம் சபையின் தையல்காரம்மாவுக்கு அதே ஆஸ்பத்திரியில் முதுகில் ஆபரேஷன். சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்கப் போனார்.

"வாங்கண்ணே" என்று முகம் மலர்ந்தாள் அந்த அம்மா. "முந்தாநாள் உள்ள தள்ளிட்டுப் போறப்போ எனக்குப் பயமே இல்லண்ணே. விரிப்போட ஓரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். நம்ம அண்ணன் ஜெபிச்ச துணியாச்சே!"

அவர் ஒரு ஸ்தோத்திரத்தைப் போட்டுவிட்டு நழுவியிருக்கலாம். எத்தனையோ தடவை அப்படித்தான் நழுவியிருக்கிறார். இந்த முறை கால் நகரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் ஜெபிக்கலம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. "ஒரே ஒரு நாள் ஜெபிச்சேன். மத்தபடி பாட்டுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். சபையில சும்மா பெருமைக்குச் சொல்லிட்டேன்."

அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல ஒருக்களித்து, முதுகுக்கு அடியிலிருந்த விரிப்பை இழுத்துக் காட்டினாள். ஒரு சாண் நீளக் கிழிசல். ஓரம் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி தடித்திருந்தது. கிழிந்ததைத் தனிக் கூடையில் போட வேண்டியது அவர் பொறுப்பு.

"காலையில விரிச்சப்பவே பார்த்தேன். தையல்காரி கண்ணுக்குத் தப்புமா? நர்ஸ் பார்த்தா உங்களுக்குத் திட்டு விழுமேன்னு மேலயே படுத்துக்கிட்டேன். தையல் போட்ட இடத்துலயே உறுத்துது."

அவரால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"ஜெபிக்காட்டிப் போகுதுண்ணே" என்றாள் அவள். கோபம்கூட இல்லை, அதுதான் சுட்டது. "பார்த்தாவது மடிங்க."

கீழே வந்ததும் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். விரிப்பு ஒன்றை விரித்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்து மடித்தார். அதைத் தானே மேலே கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்து, கிழிந்ததைக் கவனிக்காமல் அனுப்பியது தன் தப்புதான் என்று சொல்லி, தையல்காரம்மாவுக்கு மாற்றச் சொன்னார். திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் எழுந்து நின்று சொல்லத்தான் வேண்டும். நினைத்தாலே காது சூடானது.

திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். நடுவில் ஓட்டை. கூடைக்குப் போனது. அதற்கடுத்ததில் சின்னதாக ஒரு முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. அதைக் கிள்ளி எடுக்கும்போது, இதில் யார் முதுகு படுமோ என்று நினைத்தார்.

"கர்த்தரே, அவங்களுக்கு உறுத்தக் கூடாது" என்றார்.

அதற்கு மேல் ஜெபிக்க வாய் வரவில்லை. அடுத்த விரிப்பை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.