பௌர்ணமிக்கு ஊரில் இல்லை

சகாதேவன் வீட்டுப் படுக்கையறைக்குக் கதவு கிடையாது. கட்டியபோது இருந்தது. ஒரு பௌர்ணமிக்கு, கிரிவலம் வந்த சொந்தக்காரர்களுக்குக் காய் நறுக்கப் பலகை போதாமல் அதைக் கழற்றி இரண்டு கல்மேல் போட்டார்கள். நல்ல தேக்கு. கத்தரிக்காய்க்கு இவ்வளவு பொருத்தமான கதவு திருவண்ணாமலையிலேயே இல்லை என்று எல்லாரும் பாராட்டியதால் அது கொல்லைப்புறத்திலேயே தங்கிவிட்டது. அறைக்குப் பூப்போட்ட திரை ஒன்று மாட்டினார்கள். அதன்பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது.

வீடு செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பதினான்கு கிலோமீட்டர் நடப்பவனுக்கு எங்கேயாவது உட்காரத் தோன்றும். உறவுக்காரனுக்கு அங்கே தோன்றும். போளூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் முதல் நாளே வந்து இறங்குவார்கள். பௌர்ணமியன்று நடப்பார்கள். பிறகு நான்கு நாள் கால் வலிக்கும். வலி தீர்ந்தவர்கள் புறப்படுவதற்குள் அமாவாசைக்கு ஆள் வந்துவிடும்.

வேதா அந்த வீட்டுக்கு வந்து எட்டுப் பௌர்ணமி ஆகியிருந்தது. கணவனிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புது வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சகாதேவனுக்கு வேலையே அந்த ஆபீசில்தான். போய்விடலாமா? கேள்வி இவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டால், அந்தப் பக்கம் படுத்திருக்கும் சேத்துப்பட்டு மாமா பதில் சொல்லிவிடுவார்.

அதனால்தான் வாரப் பத்திரிகையில் வந்த அந்த விளம்பரத்தை அவள் கத்தரித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். மசினகுடிக்குப் பக்கத்தில் காட்டில் கூடாரம். வெள்ளி, சனி இரண்டு இரவு. ஜீப்பில் போய் மிருகம் பார்க்கலாம்.

"கூடாரமா? எத்தினி பேரு தங்கலாம்?" என்றார் மாமா.

"ரெண்டு பேரு மாமா."

"ஒண்டிக்கினா?"

"ஒண்டிக்கினாலும் ரெண்டு பேருதான்."

"புலி வருமாடா?"

"வரும்னு போட்டிருக்கான்."

மாமா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரி, சின்னஞ்சிறுசுங்க போய்ட்டு வாங்க. நடுவுல நான் எதுக்கு?"

சகாதேவனின் அம்மா மணியம்மாள், "பௌர்ணமிக்கு ஊர்ல இல்லாத மொத ஆளு நீதான்டா" என்று சொல்லிக்கொண்டே புளிசோறு கட்டிக் கொடுத்தாள். எட்டுப் பேருக்கு வரும். இரண்டு பேருக்கு எப்படிக் கிளறுவதென்று அவளுக்கு மறந்து போயிருந்தது.

பஸ் மாறி மாறி, நெரிசலில் ஆளுக்கொரு பக்கம் இடம் பிடித்துப் போய், வெள்ளி இருட்டியபின் சேர்ந்தார்கள். புளிசோற்றில் பாதியைக் காவலுக்கு இருந்தவருக்குக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்கள். காலையில்தான் இடத்தைப் பார்த்தார்கள். மார்கழிப் பனியில் ஆறு பச்சைக் கூடாரங்கள் பாதி கரைந்த மாதிரி நின்றன. சுற்றிலும் மூங்கில். அதற்கப்பால் யானை தாண்டாதிருக்க ஒரு அகழி. அகழிக்கு அப்பால் காடு, அதற்கு மேலும் காடு.

கூடாரத்துக்கு ஜிப் வைத்த வாசல். வேதா அதை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"இன்னா பண்ற?" என்று கிசுகிசுத்தான் சகாதேவன்.

"சாத்தறேன்" என்று அவளும் கிசுகிசுத்தாள். "நீங்க எதுக்கு ரகசியமா பேசறீங்க?"

"நீ பேசறியே."

பக்கத்துக் கூடாரம் ஐம்பதடி தள்ளியிருந்தது. ஆனாலும் இருவருக்கும் குரல் எழும்பவில்லை. எட்டு மாதப் பழக்கம்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சார், ஜீப் ரெடி!" என்றது வெளியே ஒரு குரல்.

ஜீப் ஓட்டும் அப்பாசாமி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். "வாயத் தொறந்தீங்கன்னா எல்லாம் ஓடிருமுங்க. ஊர்க்கதைய ஊர்ல பேசிக்கலாம்." ஊரில் பேச முடியாமல்தான் இங்கே வந்தோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அதற்கும் வாயைத் திறக்க வேண்டும்.

காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. வேதா கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தாள். காய்ந்த புல் வெயிலில் வெல்லப்பாகு நிறத்தில் அசைந்தது. மயில் ஒன்று பாதையைக் கடக்க ஆரம்பித்து, கடந்துகொண்டே இருந்தது. ஒரு திருப்பத்தில் புள்ளிமான் கூட்டம் மொத்தமாக நின்று, காதைத் திருப்பி, இவர்கள் ஏதாவது பேசுவார்களா என்று பார்த்தது. வேதாவுக்குப் பழகிய பார்வைதான்.

திரும்பும் வழியில், முகாம் நெருங்கியதும், அப்பாசாமியே பேச்சைத் தொடங்கினார். "சாருக்கு எந்த ஊருங்க?"

"திருவண்ணாமலை."

ஜீப் நின்றுவிட்டது. "அண்ணாமலைங்களா! பௌர்ணமிக்கு ஒருக்கா சுத்தி வரோணும்னு வேண்டுதலுங்க. சம்சாரம், புள்ளைங்க, மச்சான் குடும்பம் எல்லாம் வரோணும். எங்க தங்கறதுன்னு தெரியாமத்தான் தள்ளிப் போகுது."

"நம்ம வீட்லயே தங்கலாமே. பாதை மேலதான் வீடு" என்றது சகாதேவனின் வாய். அவன் சொன்னதாகச் சொல்ல முடியாது. அவன் குடும்பத்தில் வாய் தானாக இதைச் சொல்லிவிடும்.

"எத்தினி பேருங்க நீங்க?" என்று வேதா மெதுவாகக் கேட்டாள்.

"பதினொண்ணுங்கம்மா. காலைல மறக்காம அட்ரஸ் வாங்கிக்கறேன்."

அதன்பிறகு பேச்சுக்குக் குறுக்கே மிருகமும் இல்லை, மாமாவும் இல்லை. வேதாதான் பேசவில்லை.

இருட்டத் தொடங்கியபோது மூங்கிலுக்குப் பின்னாலிருந்து நிலா ஏறியது. பெரிதாக, மஞ்சளாக, பக்கத்துத் தோட்டத்தில் காய்த்தது போல. ஊரில் இந்நேரம் வீட்டு வாசலில் ஆயிரம் கால்கள் உரசும் சத்தம் கேட்கும். இங்கே பனி சொட்டியது. சகாதேவன் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். கடைசியில் செருப்பைக் கழற்றினான்.

"இன்னாங்க?"

"கால் சும்மா இருக்க மாட்டேங்குது."

வேதா அவன் பாதங்களைப் பார்த்தாள். அவளும் செருப்பைக் கழற்றினாள். அகழிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சுற்றுவதற்கு மலையும் கிடையாது. எனவே கூடாரத்தை வலப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தார்கள்.

இழுத்துக் கட்டிய கயிறுகள் குறுக்கே வரும்போது மட்டும் அவன், "கயிறு" என்றான். அவள், "ம்" என்றாள். புல் ஈரமாக இருந்தது. நிழல்கள் முன்னால் போயின, பின்னால் வந்தன. கயிறு. ம். எந்தச் சுற்று என்பது மறந்துபோனது. கூடாரம் உள்ளே எரியும் அரிக்கேன் வெளிச்சத்தில் ஒரு பச்சைக் குன்று மாதிரி மிதந்தது.

"வேங்கிக்கால்ல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன்" என்றாள் வேதா. முழுக்குரலில். கல்யாணத்துக்கு முன் தனக்கு இப்படி ஒரு குரல் இருந்தது அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கயிறு" என்றான் சகாதேவன்.

"வாசக்கதவுக்கு ரெண்டு தாப்பாள்."

"ரெண்டா?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. திங்கக்கெழம பதில் சொல்லணும்."

அரைச் சுற்று போனது. "அம்மா?" என்றான்.

"அத்தைய நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு எல்லாரும் வேணும். எனக்கு ஒருத்தர் இருந்தா போதும்."

அவன் அடுத்த கயிற்றைத் தாண்டி நடந்தான். அவளும் கூடவே தாண்டினாள். நிலா மூங்கிலைத் தாண்டி வெள்ளையாகிவிட்டிருந்தது.

காலையில் முகாமே அவர்களை ஒரு மாதிரிப் பார்த்தது.

"ராத்திரி பாத்தீங்களா சார்?" என்றார் அப்பாசாமி. "அகழிக்கு அந்தாண்ட தாயும் குட்டியுமா ஆனை. அர மணி நேரம் உங்க ரெண்டு பேரையேதான் பாத்துட்டு நின்னுச்சு. சாப்பாட்டுக்குக் கூப்பிடக்கூட நாங்க வாயத் தொறக்கல."

"இல்லயே" என்றான் சகாதேவன். "நாங்க பேசிக்கினு இருந்தோம்."

அப்பாசாமி நோட்டையும் பேனாவையும் நீட்டினார். "அட்ரஸ் எழுதிக் குடுங்க சார்."

வேதா மூங்கிலை எண்ணத் தொடங்கினாள். சகாதேவன் பெயரை எழுதினான். பேனாவை உதறினான். இன்னும் ஏதோ எழுதி, பாதியில் நிறுத்தினான்.

"வேதா, வேங்கிக்கால் வீட்டுக்கு டோர் நம்பர் இன்னா?"

மூங்கில் எண்ணிக்கை அங்கேயே நின்றது. "பதினேழு" என்றாள்.

அப்பாசாமி எட்டிப் பார்த்தார். "பாதை மேல வீடுன்னீங்களே?"

"தை பொறந்ததும் மாறுறோம்."

"அங்க பதினொரு பேரு தங்கலாமுங்களா?"

"ஒரே ரூமுதாங்க" என்றாள் வேதா. அவள் முகத்தில் இப்போதுதான் விடிந்திருந்தது. "பௌர்ணமிக்கு வந்தீங்கன்னா பாதை மேல எங்க அத்தை வீட்டுக்குப் போங்க. எந்நேரமும் போலாம். அங்க கதவே கெடையாது."