பத்து எண்ணும்வரை

உருவிய கம்பியை மூன்று எண்ணுவதற்குள் உதறிவிட்டாள். மரச் சில்லுக் குவியலுக்குள் ஆள் நீளக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு, உருவிப் பிடித்துப் பார்ப்பதுதான் அந்த மின்நிலைய யார்டின் வழக்கம். பத்து எண்ணும்வரை பிடிக்க முடிந்தால் சரி. இல்லையென்றால் குவியலைப் பிரித்து ஆறவிட வேண்டும். விட்டால் உள்ளே கனன்று குழியாகி, மேலே கால் வைப்பவனை விழுங்கிவிடும். உச்சியில் சில்லு அள்ளும் லோடரை ஓட்டிக்கொண்டிருந்தது அவள் தம்பி.

மூன்று வாரமாகப் பிரிக்கவில்லை. பிரித்தால் குவியல் தட்டையாகிவிடுமாம், படத்தில் எடுப்பாக இருக்காதாம். மரத்திலும் வைக்கோலிலும் இருந்து வரும் மின்சாரம் நாடு முழுக்க இரட்டிப்பாகிவிட்டதைக் கொண்டாட மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். புகை தெரியக் கூடாதென்று காலையிலிருந்து தண்ணீர் வேறு அடிக்கிறார்கள். ‘பிரித்தாயிற்று’ என்று மூன்று வாரமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவள் கைதான்.

மேனேஜருக்கு யார்டு வைத்த பெயர் சதவீதம். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் என்பார்.

“சார், தம்பிய இறக்குங்க. உள்ள கொதிக்குது.”

“சென்சார்ல நார்மல்தாம்மா காட்டுது. கம்பிய வச்சு ஜோசியம் பாக்காத.”

“சென்சார் ஓரத்துல இருக்கு. நடுவுல யாரு பாத்தா?”

“ஒரு மணி நேரம். போட்டோ முடிஞ்சதும் நீயே பிரி.”

கம்பியை மறுபடி செருகிவிட்டு, லோடர் இரைச்சல் தணிந்த நேரம் பார்த்து மேலே கத்தினாள். “வண்டியோடயே பின்னால வாடா! கால மட்டும் வச்சிராத!”

“போட்டோ முடியட்டும்க்கா! இப்ப இறங்கினா வேலைக்கே வேட்டு வச்சிருவாரு!”

புது ஹெல்மெட்டுகளோடு விருந்தாளிகள் வந்து நின்றார்கள். சதவீதம் அவர்களிடம் கதை அளந்துகொண்டிருந்தார். அவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள், கம்பியை உருவினாள், அவர்கள் நடுவே போய் நீட்டினாள்.

“புடிங்க சார். பத்து எண்ணுங்க.”

சதவீதம் சிரித்து மழுப்பினார். கை மட்டும் நீளவில்லை.

“அப்ப நான் எண்றேன். ஒண்ணு. ரெண்டு.” உள்ளங்கை வெந்தது. கேமராக்கள் குவியலை விட்டு அவள் பக்கம் திரும்பின. “அஞ்சு. ஆறு.”

“அக்கா, விடுக்கா!” தம்பியின் குரல்.

மேலே லோடரின் கதவு படீரென்று திறந்தது. அவளுக்கு எண்ணிக்கை மறந்துபோயிற்று. “வேண்டாம்டா!” என்று அலறினாள். என்ஜின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. ஆவி பறக்கும் சில்லுகளின் மேல் ஒரு பூட்ஸ் கால் இறங்கிக்கொண்டிருந்தது.