நோய்க்கு ஒரு பெயர்

கிளாடிஸின் கணவன் இன்பமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்கும் பெரிய கிரேன். நாற்பது மீட்டர் உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, குனிந்து கீழே பார்த்தபடியே நான்கு மணி நேரம் வேலை. மாற்று ஆள் ஏறி வந்தால்தான் இறங்க முடியும். பதினோரு வருடம் அப்படி ஓட்டியவனுக்குப் போன மே மாதம் வயிற்றில் தொந்தரவு தொடங்கியது.

அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். போய்வந்தால் வலி அடங்கும், அரை மணியில் மறுபடி வரும். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. வேலைக்குப் போகும் நாளில் இன்பமணி சாப்பிடுவதையே நிறுத்திப் பார்த்தான். வெறும் வயிற்றிலும் வந்தது.

ஆகஸ்டில் ஒரு மதியம், கூண்டுக்குள் இருந்தபடி வாக்கிடாக்கியில் மாற்று ஆள் கேட்டான்.

"இன்னும் பத்துப் பெட்டிதான்ல இன்பம், முடிச்சிட்டு இறங்கு" என்றார் சூப்பர்வைசர் தங்கப்பாண்டி.

எட்டாவது பெட்டி அந்தரத்தில் தொங்கியபோது அவனால் அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவசரமாக இறங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மீதிப் பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டு, எல்லோரும் போகும்வரை கூண்டிலேயே இருந்து வீட்டுக்கு வந்தான். கொல்லைக் குழாயடியில் குத்தவைத்து யூனிஃபார்மைத் தானே துவைத்தான். கிளாடிஸ் கை நீட்டினாள்.

"தொடாதளா" என்றான். முகத்தைத் திருப்பவில்லை.

மறுநாள், சில மாதங்களுக்குத் தரையில் ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லிக் கேட்டான். தங்கப்பாண்டி கெட்டவர் அல்ல. ஆபீசிலிருந்து மருத்துவப் படிவம் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டர், 'குடல் செயல்பாட்டுக் கோளாறு, பரிசோதனைகள் இயல்பு' என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீசில் கடைசி இரண்டு சொற்களை மட்டும் படித்தார்கள். எல்லாம் இயல்பு என்றால் நோய் இல்லை, மேலே ஏறச் சொல் என்று படிவம் திரும்பி வந்தது.

அந்த வரி கிளாடிஸுக்குப் புதிதல்ல. அவள் மெடிக்கல் கோடர். முத்தையாபுரம் வீட்டின் முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது அவள் வேலை. குடல் கோளாறு என்று மட்டும் இருந்தால் K59.9. வகை குறிப்பிடப்படாதது. டாக்டர் விவரமாக எழுதாதபோது வேறு வழியில்லாமல் போடுகிற எண் அது. எத்தனை மாதமாக, வாரத்துக்கு எத்தனை நாள், மலம் கழித்தால் வலி குறைகிறதா என்று பார்த்து டாக்டர் எரிச்சல் குடல் நோய், வயிற்றுப்போக்கு வகை என்று பெயரை எழுதிவிட்டால், அது K58.0. பெயருள்ள நோய். எழுதாததை அவளாக ஊகித்துப் போடக் கூடாது. டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம், ஆனால் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. ஏழு வருடமாக அந்த விதியை அவள் மீறியதில்லை.

கணவனுக்காக மீறினாள். ஆறு வாரம், தேதி போட்டு, வலி வந்த நேரத்தையும் கழிப்பறைக்குப் போன தடவைகளையும் ஒரு நோட்டில் குறித்தாள். நவம்பரில் அவனை அழைத்துக்கொண்டு டாக்டர் சண்முகசுந்தரியிடம் போனாள். குடல் நோய்களுக்கென்றே ஊரில் பேர் வாங்கியவர். நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"யாரும்மா இவ்வளவு சரியா எழுதினது?"

"நான்தான் மேடம். இவுக சொல்ல வெக்கப்படுதாவ."

டாக்டர் இன்பமணியிடம் நிறையக் கேட்டார். பிறகு எழுத ஆரம்பித்தார். எரிச்சல் குடல் நோய், வயிற்றுப்போக்கு வகை, ஆறு மாதமாக. கிளாடிஸ் மேசைமேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், திடீர்னு வருது, அடக்க முடியலன்னு ஒரு வரி சேத்திருங்க. அது இல்லன்னா நம்ப மாட்டாவ."

"உண்மைதானே, எழுதுறேன்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் இன்பமணி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான். "நான் நடிக்கலைன்னு இதுல இருக்குல்லா" என்றான். அன்றைக்கு ரோட்டோரக் கடையில் பயமில்லாமல் இரண்டு இட்லி சாப்பிட்டான்.

தாளை ஆபீசில் கொடுத்த எட்டாம் நாள் தங்கப்பாண்டி வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"திடீர்னு வரும், அடக்க முடியாதுன்னு எழுதியிருக்கு. தலைக்கு மேல முப்பது டன் தொங்கும்போது இப்படிப்பட்ட ஆள ஏத்த முடியாதுன்னு சேஃப்டில சொல்லிட்டாவ. கீழயும் இடம் காலி இல்லையாம். ஐடி கார்ட வாங்கிட்டு வரச் சொன்னாவ."

"நோய் இல்லன்னு நீங்கதானே அண்ணாச்சி திருப்பி அனுப்புனீய? இப்ப நோய் இருக்குன்னு அனுப்புதீயளா?" என்று கேட்டாள் கிளாடிஸ்.

"நான் என்ன செய்யட்டும் தங்கச்சி? பேப்பர்ல இருக்கதத்தான் அவுக பாக்காவ."

இன்பமணி உள்ளே போய்க் கார்டை எடுத்துவந்து கொடுத்தான்.

மறுநாள் காலையிலேயே கிளாடிஸ் டாக்டரிடம் ஓடினாள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

"நீ கேட்டுத்தானேம்மா எழுதினேன். அது உண்மையும்கூட. இப்போ எடுத்துட்டா, நாளைக்கு அவர் அங்க இருந்து ஒரு பெட்டியத் தப்பா விட்டா யாரு பொறுப்பு?"

டாக்டரால் முடிந்தது, 'சிகிச்சையில் இருக்கிறார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்' என்று ஒரு கடிதம். ஆபீசில் அதை வாங்கி முத்திரை குத்தி, தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கணவன் முன்னால் அழுதாள். "அந்த வரி நான் சொல்லி எழுதுனது அத்தான்."

"நடந்தது அதுதானே கிளாடி. நீ பொய்யா எழுதச் சொன்ன?" என்றான் அவன். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மூன்று மாதமும் போய்விட்டது. அவனுடைய கூண்டில் இப்போது வேறொருவன் ஏறுகிறான். தங்கப்பாண்டி முன்பெல்லாம் போனை எடுத்து ஆறுதல் சொல்வார், இப்போது எடுப்பதில்லை. மாத்திரையில் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கும்போதும் வருகிறது. இன்று காலையும் கிளாடிஸ் வேலையைத் தொடங்கும்போது, இன்பமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னறை வழியாக வந்தான்.

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சா?"

"இல்ல அத்தான்."

தலையாட்டிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கிளாடிஸ் அவன் வெளியே வரும்வரை எதையும் படிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.